சரிவின் மீதிப் பாதி

கறுப்புப் பாவாடையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு, இடுப்பளவு பனிக்குழிக்குள் நின்றபடி, லேனி ஒரு சின்னக் கரண்டியால் குழியின் சுவரைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். மணி இன்னும் ஏழாகவில்லை. ஒன்பது மணிக்கு அவள் கணவன் வெண்டலினின் அடக்கம்.

குழியின் அடியில் முழங்கால் உயரத்துக்குச் சர்க்கரைப் பனி. உள்ளங்கையில் அள்ளினால் ஒன்றோடொன்று ஒட்டாமல் விரலிடுக்கில் வழிந்து ஓடிவிடும். ஜனவரி முழுக்க மேகமே இல்லாமல் குளிர்ந்து குளிர்ந்து அடிப்பனி இப்படி இற்றுப்போயிருந்தது. அதற்கு மேலே போன வாரப் புயல் கொண்டுவந்து அடித்த பாளம், ரொட்டிக் கத்தி திணறுகிற அளவுக்குக் கெட்டி. சர்க்கரையைக் கொட்டி அதன்மேல் மேசைப் பலகையைச் சாய்த்து வைத்தால் பலகை நிற்குமா என்று கேட்டால் குழந்தைகூடப் பதில் சொல்லும். இன்னர்தால் ஊரின் ஆண்பிள்ளைகளுக்கு மட்டும் அது முப்பது வருடமாகப் பிடிபடவில்லை.

பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலிருந்த இந்த அளவைத் திடலுக்கு அவள் இருபத்தெட்டுக் குளிர்காலமாக தினமும் வருகிறாள். ஊரின் பனிச்சரிவுக் குழுவுக்கு அளவெடுக்கிறவள் அவள்தான். ஆழம், குளிர், காற்று எல்லாவற்றையும் குறித்துத் தொலைபேசியில் இன்ஸ்புரூக் எச்சரிக்கை மையத்துக்குச் சொல்வாள். அங்கிருந்து அன்றைய அறிக்கை வரும், ஒன்றிலிருந்து ஐந்துவரை ஆபத்தின் அளவைச் சொல்லும் ஓர் எண்ணோடு. வீட்டுக்குப் போனதும் அந்த எண்ணையும், எந்தப் பக்கத்துச் சரிவு ஆகாது என்பதையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வெண்டலினின் காப்பிக் கோப்பைக்குப் பக்கத்தில் வைப்பாள். அவன் அந்தச் சீட்டில் தன் ரொட்டியையும் உப்புப் பன்றியிறைச்சியையும் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்புவான். “என் பொண்டாட்டி பேச்சை நான் மீறினதே இல்லப்பா, எப்பவும் கையோட கொண்டுபோறேன்” என்று விடுதியில் உட்கார்ந்து சொல்வான். மேசையே சிரிக்கும். ஒரே நகைச்சுவைக்கு முப்பது வருடம் சிரிக்கக்கூடிய ஆட்கள் அவர்கள்.

“இன்னிக்குமா, லேனி?”

தலைக்கு மேலே கோர்பினியன் நின்றுகொண்டிருந்தான். மீட்புக் குழுவின் சிவப்புச் சட்டை, கையில் கறுப்புப் பட்டை, முகத்தில் ஊருக்காகச் செய்து வைத்துக்கொண்ட சோகம். வெண்டலினுக்கு ஒன்றாம் வகுப்பிலிருந்து சிநேகிதன். இருவரும் சேர்ந்து ஹோர்ன் சிகரத்தில் நானூறு தடவை ஏறியதாகக் கணக்குச் சொல்வார்கள். லேனியின் கணக்கில் அது நானூறு தடவை பிழைத்தது.

“இன்னிக்கு அடக்கம்னு பனிக்குத் தெரியாதே” என்றாள்.

“தலைவர் எகித்துகிட்ட சொல்லியிருந்தா அவரே வந்து எடுத்திருப்பாரு.”

“எகித்துக்கு முழங்கால் மடங்காது. என்ன விஷயம், சொல்லு.”

அவன் தொப்பியைக் கழற்றினான். “பதினொரு மணிக்குக் கிளம்பறோம். முப்பத்திமூணு பேர். அட்டை மேல போகணும்ல.”

அவள் கரண்டியை நிறுத்தினாள். மலையில் செத்தவனின் படம் போட்ட நினைவு அட்டையை, அடக்கம் நடந்த அதே நாளில், இருட்டுவதற்குள், தோழர்கள் ஹோர்ன் உச்சிக்குக் கொண்டுபோய்ச் சிலுவையடியில் தகரப் பெட்டிக்குள் இருக்கும் புத்தகத்தில் வைக்க வேண்டும். இன்னர்தாலில் அது வழக்கம். அவளுக்குத் தெரியாததல்ல. இந்தத் தடவையாவது ஒரு வாரம் தள்ளிப்போடும் புத்தி எவனுக்காவது இருக்கும் என்று நினைத்திருந்தாள். தன்னையே நொந்துகொண்டாள்.

“எந்த வழியா?”

“அவன் போட்ட தடத்துலயேதான். கடைசியா போட்டது. அதை விட்டுட்டு வேற வழியா போறதுக்கு எங்களுக்கு மனசு வருமா?”

திடலிலிருந்து பார்த்தால் ஹோர்னின் வடக்குச் சரிவு முழுசாகத் தெரியும். வலது பாதி வழித்தெடுத்த சட்டிபோல் புல்லும் கல்லும் தெரியக் கிடந்தது. வெள்ளிக்கிழமை வெண்டலின் இறங்கும்போது அவனோடு சேர்ந்து விழுந்த பாதி அது. அதன் ஓரத்தில், மேலிருந்து கீழ்வரை ஆள் உயரத்துக்குப் பாளம் உடைந்த விளிம்பு. அந்த விளிம்புக்கு இந்தப் பக்கம் இடது பாதி அசையாமல் உட்கார்ந்திருந்தது, புத்தம் புதிதாக, கொழுகொழுவென்று. வெண்டலின் ஏறிப்போன தடம் அதன்மேல்தான் வளைந்து வளைந்து போனது. மேல்பாதித் தடத்தை இரண்டு நாள் காற்று மூடிவிட்டிருந்தது.

“அந்தத் தடம் எதுமேல இருக்குன்னு பார்த்தியா?”

“சரிவுதான் ஏற்கெனவே விழுந்தாச்சே, லேனி. விழுந்த சரிவு மாதிரி பத்திரமானது எதுவும் கிடையாது.”

“விழுந்தது பாதி. மீதிப் பாதி தொங்கிட்டிருக்கு. காத்து மறுபடி அது மேலதான் கொண்டுவந்து கொட்டியிருக்கு. அடியில இதே சர்க்கரைதான். வந்து கையை விட்டுப் பாரு.”

“சனிக்கிழமை நாலு மணி நேரம் அதுக்குக் கீழ நின்னு உன் புருஷனைத் தேடினோம். இருபத்தாறு பேர். அப்ப விழாதது இப்ப விழுமா?”

“கீழ நிக்கறது வேற. முப்பத்திமூணு பேர் மேல ஏறி மிதிக்கறது வேற. அன்னிக்குக் காலையில குளிர் மைனஸ் பத்தொம்பது, இறுகி நின்னுச்சு.”

அவன் பொறுமையாகப் புன்னகைத்தான். வெண்டலினுடைய அதே புன்னகை. இரண்டு பேருக்கும் அதை யாரோ ஒரே கடையில் வாங்கிக் கொடுத்திருக்க வேண்டும். “மலை உனக்கு நோட்டுல இருக்கு. எங்களுக்குக் கால்ல இருக்கு. கோவிச்சுக்காத.”

கிளம்பினவன் திரும்பி வந்து குழியின் விளிம்பில் குந்தினான். குரலைத் தாழ்த்திக்கொண்டான். “அவன் நெஞ்சுல கட்டற பெட்டி விஷயம். பொண்ணு யூடித்துக்குத் தெரிய வேணாம். சிக்னல் வீக்கா இருந்துச்சுன்னுதான் எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கேன். செத்தவனுக்கு அவ்வளவாவது செய்யணும்.”

லேனி குழியை மூட ஆரம்பித்தாள். அவன் காலணியடியிலிருந்து உதிர்ந்த பனியையும் சேர்த்தே தள்ளினாள்.

வீட்டில் மகள் யூடித், மேசைமேல் சறுக்குப் பலகைகளைக் குப்புறப் போட்டு, ஏறும்போது வழுக்காமலிருக்க அடியில் ஒட்டுகிற ரோமப் பட்டையை இழுத்து இழுத்து ஒட்டிக்கொண்டிருந்தாள். வியன்னாவில் வேலை. இருபத்தாறு வயது. சனிக்கிழமை மாலை ரயிலில் வந்ததிலிருந்து அழுதுகொண்டிருந்தவள், இப்போதுதான் ஒரு வேலை கிடைத்த நிம்மதியில் இருந்தாள். அந்த நிம்மதியைப் பார்த்ததும் லேனி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“நீயும் போறியா?”

“நான்தான் முன்னாடி போறேன். அட்டையை என்கிட்டதான் குடுத்திருக்காங்க. எனக்குப் பின்னாடி கோர்பினியன் மாமா.”

“யூடித், அந்த இடது பாதி—”

“தெரியும்மா. எண் மூணு. வடக்குச் சரிவு ஆகாது. காத்து. சர்க்கரை. நான் பேச ஆரம்பிச்சதுலேர்ந்து இதைத்தான் கேக்கறேன்.” அவள் நிமிரவில்லை. “எங்க அப்பா செத்திருக்காரு. ஒரே ஒரு நாள் நீ அளவெடுக்காம இருக்கலாம். அதுவும் முடியல உன்னால.”

அடுப்புக்குப் பக்கத்தில் தரையில் ஒரு செய்தித்தாள் விரித்திருந்தது. வெள்ளிக்கிழமைத் தாள். அவன் மலையிலிருந்து வரும் நேரத்துக்கு, மூன்று மணிக்கு, பனி ஒட்டிய காலணிகளை வைப்பதற்காக லேனி விரித்து வைப்பது. எத்தனையோ வருடமாக அவள் எடுத்துப்போட்ட ஈரத்தாள்களை அடுக்கினால் வீட்டுக்கு இன்னொரு மாடி எழுப்பியிருக்கலாம். அன்றைக்கு நாலு மணிக்கும் அந்தத் தாள் அப்படியே இருந்தது. அதைப் பார்த்துவிட்டுத்தான் மீட்புக் குழுவுக்குத் தொலைபேசி எடுத்தாள். ஐந்து மணிக்கு ஹெலிகாப்டர் போய்ச் சரிவு விழுந்திருப்பதைப் பார்த்தது. இருட்டிவிட்டது. மறுநாள் காலையில் தேடினார்கள். தாளை மட்டும் எடுத்துப் போட அவளுக்கு இன்னும் கை வரவில்லை.

“அம்மா, அப்பாவோட பெட்டியைக் குடு. என்னோடது வியன்னாவுல இருக்கு.”

மார்பில் கட்டிக்கொள்ளும் பெட்டி அது. பனியில் புதைந்தவனின் பெட்டி விடாமல் சத்தம் அனுப்பும், மற்றவர்கள் தங்கள் பெட்டியை வைத்து அந்தச் சத்தத்தைத் தேடிப் போய்த் தோண்டுவார்கள். போலீஸ்காரர் கொண்டுவந்து கொடுத்த பிளாஸ்டிக் பை அலமாரியில் இருந்தது. அதற்குள் பெட்டி, கையுறை, கடிகாரம். அப்புறம் பாதி ரொட்டி, அவள் எழுதிய வெள்ளிக்கிழமைச் சீட்டில் சுற்றினது.

“தரமாட்டேன்.”

யூடித் இப்போது நிமிர்ந்தாள். “எதுக்கு?”

“தரமாட்டேன்னா தரமாட்டேன்.”

“அப்பா பெட்டி இல்லாம இந்த வாசலைத் தாண்டினதில்ல. அவரை மாதிரி ஜாக்கிரதையான ஆள் இந்த ஊர்ல கிடையாது. நடந்தது மலையோட வேலை. அதுக்கு நீ அவரையே குத்தவாளியாக்கப் பாக்கறே. செத்த பிறகும்.” பட்டையை அறைந்து ஒட்டினாள். “வேணாம், வச்சுக்கோ. முப்பது பேர் கூட வர்றாங்க. பெட்டி இல்லாமலே போறேன்.”

ஒரு வார்த்தை சொன்னால் போதும். அது நாக்கு நுனிவரை வந்தது. மகளின் கண்ணில் அப்பனைப் பற்றி எழும்பியிருந்த அந்தப் பெரிய பொய்யைப் பார்த்தாள். ஒருவன் உயிரோடிருக்கும்போது சம்பாதிக்காத மரியாதையை மூன்றே நாளில் எப்படித் தேடிக்கொண்டுவிடுகிறான்! லேனி வாயை மூடிக்கொண்டு, போலீஸ் பையிலிருந்து பெட்டியை எடுத்துக் கறுப்புக் கோட்டின் பைக்குள் போட்டுக்கொண்டாள். தனியறைக்குப் போய்ப் புது பாட்டரி போட்டாள்.

கல்லறைத் தோட்டத்து மதில் நெடுக சறுக்குப் பலகைகள் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன, முப்பத்திமூன்று ஜோடி, எல்லாவற்றிலும் பட்டை ஒட்டித் தயாராக. கோயிலுக்குள் அத்தனை பேரும் மலைச் சட்டையோடும் பிளாஸ்டிக் காலணிகளோடும் உட்கார்ந்திருந்தார்கள். முழங்கால் போட எழுந்தபோதெல்லாம் கோயில் முழுக்கக் கடகடவென்று சத்தம். இளைத்த பாதிரியார், குளிர்காலம் முழுவதும் வெளியே இறங்காமல் குருமனையில் அடைந்து கிடப்பவர், மலைகளின் அழைப்பைப் பற்றி ஒரு பிரசங்கம் செய்தார். வெண்டலின் மலையின் மொழி அறிந்தவன் என்றார். மலை என்ன மொழியில் என்ன சொன்னது, இவன் என்ன கேட்டான் என்று லேனிக்கு எழுந்து நின்று கேட்க வேண்டும்போல் இருந்தது.

கையில் நினைவு அட்டை. ஹோர்ன் சிலுவையில் சாய்ந்துகொண்டு பல் தெரியச் சிரிக்கிறான். கீழே “மலை என்னை அழைத்தது” என்று அச்சடித்திருந்தார்கள். அழைத்தது அவன் வாய்ச்சவடால். அதை அச்சடிக்க இடம் போதாது. பக்கத்தில் யூடித் அதே அட்டையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு குலுங்கினாள். லேனி அவள் முதுகில் கை வைத்தாள். மகள் நகர்ந்துகொண்டாள்.

குழியில் இறக்கினார்கள். மண் உறைந்திருந்ததால் அவரவர் போட்ட பிடி மண் சவப்பெட்டிமேல் கல்லாகத் தட்டியது. பிறகு கோர்பினியன் பேசினான். தன் நண்பன் எதையும் அலட்சியமாகச் செய்ததில்லை என்றான். எல்லாம் சரியாகத்தான் செய்தான், எல்லாம் வைத்திருந்தான், மலை தன் பிள்ளையைத் திரும்ப எடுத்துக்கொண்டது, அதைக் கேள்வி கேட்க நாம் யார் என்றான். பெண்கள் மூக்கை உறிஞ்சினார்கள். ஆண்கள் மலையைப் பார்த்தார்கள். அந்தப் பார்வையில் இருந்த பெருமிதத்தை லேனி பார்த்தாள். தாங்களும் ஒருநாள் இப்படி எடுத்துக்கொள்ளப்படக்கூடியவர்கள்தான் என்ற பெருமிதம்.

யூடித் எல்லோருக்கும் முன்னால் போய்த் தன் பலகைகளைத் தோளில் ஏற்றினாள்.

லேனி கூட்டத்தை விலக்கிக்கொண்டு நடந்தாள். கல்லறைத் தோட்டத்துக்கு ஒரே வாசல், ஒரு ஆள் மட்டும் நுழையக்கூடிய இரும்புக் கதவு. அதை ஒட்டி வெளியே போய் நின்றாள். கோட்டுப் பையிலிருந்து பெட்டியை எடுத்தாள்.

“கிளம்பறதுக்கு முன்னாடி சோதனை உண்டில்ல?” என்றாள். “இன்னிக்கு நான் பாக்கறேன். ஒவ்வொருத்தரா வாங்க.”

மலைக்குக் கிளம்பும் எந்தக் கூட்டத்திலும் இது உண்டு. ஒருவன் பெட்டியைக் கேட்கும் நிலையில் வைத்துக்கொண்டு நிற்பான். மற்றவர்கள் ஒருவர் பின் ஒருவராக அவனைத் தாண்டிப் போக வேண்டும். ஒவ்வொரு நெஞ்சும் பீப் என்று பதில் சொல்ல வேண்டும். மாட்டேன் என்று எவனும் சொல்ல முடியாது. அதுவும் விதவை நின்றுகொண்டு கேட்கும்போது.

“வெண்டலினோட பெட்டி” என்று கோர்பினியன் தழுதழுத்தான். கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தான். “பாருங்க. அவனே வந்து நம்மளை வழியனுப்பற மாதிரி.” அவன் கண்ணில் நிஜமாகவே தண்ணீர். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முதல் ஆளாக அவளைத் தாண்டினான்.

பெட்டி ஒன்றும் சொல்லவில்லை.

“திரும்பி வா” என்றாள் லேனி.

“போகும்போது போட்டுக்குவேன். கோயிலுக்குள்ள எதுக்குன்னு—”

“இப்பப் போடு.”

அவன் சட்டையின் ஜிப்பை இறக்கினான். நெஞ்சில் பெட்டி இல்லை. முதுகுப் பையை இறக்கி, கம்பளித் தொப்பி, சாராயக் குப்பி எல்லாவற்றையும் எடுத்து மதில்மேல் வைத்து, அடியிலிருந்து பெட்டியைத் துழாவி எடுத்தான். பொத்தானை அழுத்தினான். இன்னொரு தடவை அழுத்தினான். திரையில் ஒன்றும் வரவில்லை. முன்வரிசையில் யாரோ இருமினார்கள்.

“அடுத்த ஆள்” என்றாள்.

அடுத்தவனுக்குப் பீப் என்றது. அதற்கடுத்தவனுக்கும். நான்காவது ஆள், மீட்புக் குழுவில் பதினைந்து வருடம் இருப்பவன், அமைதியாகத் தாண்டி அமைதியாகவே நின்றான், தரையைப் பார்த்துக்கொண்டு. லேனி கட்டைவிரலால் இந்தப் பக்கம் நில் என்று காட்டினாள். இப்படியாக ஒவ்வொருவராக. சிலர் வரிசையில் நிற்கும்போதே சட்டைக்குள் கையை விட்டு எதையோ திருகுவது தெரிந்தது. திருகட்டும் என்று விட்டாள். அப்படியும் ஒன்பது பேர் இந்தப் பக்கம் சேர்ந்தார்கள், பள்ளிக்கூடத்தில் தண்டனைக்கு நிற்கிற பிள்ளைகள் மாதிரி. எல்லோரும் நாற்பது வயதைத் தாண்டினவர்கள். எல்லோரும் மலையைக் காலில் வைத்திருப்பவர்கள்.

கடைசியில் யூடித் மட்டும் மிச்சம். அவள் வரவில்லை. முகம் வெளுத்திருந்தது.

“என்கிட்ட இல்லைன்னு உனக்குத் தெரியும். இதுக்குத்தான் எனக்குத் தரலியா? எல்லார் முன்னாடியும் இப்படிப் பண்றதுக்கா?”

“உங்கப்பாகிட்ட இருந்துச்சு” என்றாள் லேனி. “பையில, அடியில, ஆஃப் பண்ணி வச்சிருந்தாரு. பாட்டரியில பச்சை பூத்திருந்துச்சு. எத்தனை வருஷமா அப்படியோ.”

யூடித் கோர்பினியனைப் பார்த்தாள்.

“மாமா. சிக்னல் வீக்கா இருந்துச்சுன்னு சொன்னீங்க.”

கோர்பினியன் தன் செத்த பெட்டியின் பொத்தானை இன்னொரு முறை அழுத்தினான்.

“சிக்னலே கிடையாது” என்றாள் லேனி. குரல் உயரவில்லை. காலையில் இன்ஸ்புரூக்குக்கு அளவு சொல்கிற அதே குரல். “தனியா போனாரு. மத்தியானமே செத்துட்டாரு. பெட்டி ஓடியிருந்தாலும் பொழைச்சிருக்க மாட்டாரு, அது வேற. ஆனா ஓடியிருந்தா பத்து நிமிஷத்துல எடுத்திருக்கலாம். இவங்க நாலு மணி நேரம் கோலால குத்திக் குத்தித் தேடினாங்க. இருபத்தாறு பேர், அந்தப் பாதிக்குக் கீழ. அதுல மூணு பேருக்குக் கைக்குழந்தை இருக்கு. அதைத்தான் எல்லாம் சரியாச் செஞ்சான்னு இவன் இப்ப சொன்னான்.”

“செத்தவன் எழுந்து வந்து பதில் சொல்லமாட்டான்கற தைரியம் உனக்கு” என்றான் கோர்பினியன்.

“உயிரோட இருந்தப்பவும் இதையேதான் சொன்னேன். விடுதியில உக்காந்து சிரிச்சீங்க. இன்னிக்கும் சிரிங்க. யாரு தடுத்தா?”

யாரும் சிரிக்கவில்லை. குழுவின் தலைவர் எகித், மடங்காத முழங்காலை இழுத்துக்கொண்டு மதிலுக்குப் போய்த் தன் பேரனின் பலகைகளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். “வாடா வீட்டுக்கு” என்றார். பேரனுக்கு முப்பது வயது. பின்னாலேயே போனான். அதன் பிறகு இருவர். பிறகு நாலைந்து பேர் சேர்ந்தாற்போல். போகிறவர்கள் லேனியைச் சுற்றிக்கொண்டு போனார்கள், நடைபாதையில் கிடக்கும் சாணத்தைச் சுற்றிப் போவதுபோல.

யூடித் தன் தோளிலிருந்த பலகைகளைக் கீழே போட்டாள். சாய்த்து வைக்கவில்லை, போட்டாள். பனியில் அவை விழுந்த இடத்திலேயே கிடந்தன. அம்மாவைத் தாண்டி, முகத்தைத் திருப்பிக்கொண்டு, வீட்டைப் பார்த்து நடந்தாள்.

கோர்பினியனும் நாலு பேரும் மட்டும் பலகை மாட்டிக்கொண்டு கிளம்பினார்கள். காட்டோரம்வரை போய், அங்கே கொஞ்ச நேரம் நின்று, ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்தார்கள். மேலே மேகம் சூழ்ந்துவிட்டதாம். வானம் துடைத்து வைத்த கண்ணாடியாக இருந்தது.

விடுதியில் எழுபது பேருக்கு அடக்கச் சாப்பாடு சொல்லியிருந்தாள். பதினொரு பேர் வந்தார்கள். அதில் நாலு பேர் வெளியூர். நீள மேசைகளில் தட்டுகளும் மடித்த கைத்துணிகளும் ஆளில்லாமல் காத்திருந்தன. லேனி தலைமாட்டில் உட்கார்ந்து, கல்லீரல் உருண்டை போட்ட சூப்பை இரண்டு தட்டு குடித்தாள். பசித்தது. வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அன்றைக்குத்தான் பசித்தது. விடுதிக்காரி கெர்லிண்டே மிச்சச் சூப்பை ஒரு தூக்கில் ஊற்றிக் கொடுத்தாள், கண்ணைப் பார்க்காமல்.

“வெண்டலின் நல்ல மனுஷன்” என்றாள், தூக்கின் மூடியை அழுத்தியபடி.

“நல்ல மனுஷன்தான்” என்றாள் லேனி. “யாரு இல்லேன்னா?”

திரும்பும் வழியில் கோர்பினியன் தன் வீட்டு வாசலில் பனியைத் தள்ளிக்கொண்டிருந்தான். ஏற்கெனவே தள்ளிச் சுத்தமாக இருந்த வாசல். மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு ஹோர்னைக் காட்டினான். மாலை வெளிச்சத்தில் சரிவின் இடது பாதி ரோஜா நிறமாக, ஒரு கீறலில்லாமல் உட்கார்ந்திருந்தது.

“இன்னும் நிக்குது, லேனி.”

“பாத்தேன்.”

“நாலு மணி. நாங்க ஏறி இறங்கி வந்து சூப்பு குடிச்சிட்டிருப்போம். அவன் அட்டை மேல இருந்திருக்கும்.”

இருந்திருக்கலாம். அவள் நடந்தாள்.

வீட்டில் யூடித் சமையலறை மேசையில் உட்கார்ந்திருந்தாள். போலீஸ் பை திறந்திருந்தது. கடிகாரம் ஒரு பக்கம், கையுறை ஒரு பக்கம். நடுவில் சீட்டு, அதன்மேல் பாதி ரொட்டி. கடித்த பாதியில் பல் பதிந்திருந்தது. சீட்டில் இறைச்சி எண்ணெய் படிந்து எழுத்து இன்னும் தெளிவாகத் தெரிந்தது: எண் மூன்று. வடக்குச் சரிவு வேண்டாம். உடைந்தால் பெரிதாக உடையும்.

“உச்சியில உக்காந்து சாப்பிட்டிருக்காரு” என்றாள் யூடித், சுவரைப் பார்த்து. “பிரிச்சுத்தானே சாப்பிட்டிருக்கணும்.”

“ஆமா.”

“கண்ணுல பட்டிருக்கும்.”

“பட்டிருக்கும்.”

லேனி தூக்கை அடுப்பில் வைத்தாள். சூப்பு சூடானதும் ஒரு தட்டில் ஊற்றி மகளுக்கு முன்னால் வைத்தாள். அவள் தொடவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கரண்டியை எடுத்தாள்.

“அந்தப் பாதி விழாமலே போகுமா?”

“போகலாம். ஏப்ரல்ல சும்மா உருகி ஆத்துல போயிடும்.”

“அப்ப நீ பண்ணினது சரியா தப்பான்னு யாருக்கும் தெரியப்போறதில்ல.”

“தெரியாது.”

“உன்னை நான் மன்னிக்கமாட்டேன்மா.”

“சூப்பைக் குடி. ஆறுது.”

அவள் குடித்தாள். முழுவதும் குடித்தாள். பிறகு எழுந்து தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே பையில் துணிகளை அடுக்கும் சத்தம் கேட்டது. காலை ரயிலுக்கு.

லேனி தட்டைக் கழுவி வைத்தாள். ரொட்டியைப் பழையபடி சீட்டில் சுற்றி, எங்கே வைப்பதென்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். கடைசியில் ஜன்னலுக்கு வெளியே குளிரில் வைத்தாள். திரும்பியபோது அடுப்படியில் யூடித்தின் மலைக் காலணிகள் கண்ணில் பட்டன. வரும்போது பனியைத் தட்டிவிட்டு, வழக்கம்போல, அந்த வெள்ளிக்கிழமைத் தாளின் மேலேயே கழற்றி வைத்திருந்தாள்.

லேனி குனிந்தாள். ஒரு காலணியைத் தூக்கி, அடியிலிருந்த தாளை உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள். இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை மெதுவாகத் தடவினாள். ஒரு பொட்டு ஈரமில்லை; மலை ஏறாத காலணி. காலணியைப் பழைய இடத்திலேயே, ஜோடி சேர்த்து, வைத்தாள்.